பழுது நீக்கமும் வாடகைக் குறைப்பும்: அர்த்தசாஸ்திரம் முதல் பம்பாய்ச் சால்கள் வரை

குடியிருப்போர் ஒருவர் வீட்டின் பழுதைத் தம் செலவில் நீக்கி, அச்செலவை உரிமையாளருக்குத் தரவேண்டிய வாடகையில் கழித்துக்கொள்வது இந்திய நகரங்களில் பரவலாகக் காணப்படும் வழக்கமாகும். ஒழுகும் கூரை, உளுத்த உத்தரம், அடைபட்ட சாக்கடை ஆகியன பற்றிய இவ்வுடன்பாடுகள் பெரும்பாலும் வாய்மொழியாகவே நிகழ்கின்றன. இருவரும் ஒத்துப்போகும்வரை அவற்றுக்கு எழுத்துச் சான்று எழுவதில்லை. பிணக்குற்று வழக்கு மன்றத்தை அடையும்போதுதான் அவை ஆவணமாகின்றன. ஆதலால் இவ்வழக்கத்தின் வரலாற்றை எழுதப் புகுவோர் உடன்பாடுகளைக் காட்டிலும் உடன்பாட்டு முறிவுகளையே மிகுதியாகச் சந்திக்க நேர்கிறது. 'பழுதை ஏற்பவர் குறைவாகச் செலுத்தலாம்' என்னும் நெறி இந்திய மண்ணில் எவ்வளவு பழையது, அது நவீனச் சட்டத்தில் எவ்வடிவம் பெற்றது, பம்பாய் நகரில் அது எவ்வாறு தலைகீழாயிற்று என்பனவற்றை இக்கட்டுரை ஆராய்கிறது.

சொற்கள்

இப்பொருள் பற்றிய சொற்களே ஒரு வரலாற்றைச் சுமந்து நிற்கின்றன. தமிழில் 'குடிக்கூலி' என்பது குடியிருப்பதற்கான கூலி. இன்று பெருவழக்கான 'வாடகை' என்னும் சொல்லைக் கன்னடத்தின் 'பாடிகெ', மராத்தியின் 'பாடே', வடமொழியின் 'பாடகம்' ஆகியவற்றோடு ஒருங்குவைத்துக் காணலாம். பழுது நீக்கத்தைக் குறிக்கும் 'மராமத்து' அரபு மூலமுடையது. பாரசீகம், உருது வழியாக ஆட்சிமொழியில் கலந்தது. பொதுப்பணித் துறையை 'மராமத்து இலாகா' என்று வழங்கிய காலம் உண்டு. தமிழ்ச் சொல்லாகிய 'குடி'யும் அரபுச் சொல்லாகிய 'மராமத்து'ம் இணைந்து 'குடிமராமத்து' ஆனது. நிலத்தை உழுது பயன்கொள்வோரே ஏரியையும் வாய்க்காலையும் செப்பனிட வேண்டும் என்னும் கடமையை இக்கூட்டுச்சொல் குறித்தது. இக்கடமையைச் சட்டத்தால் கட்டாயமாக்க முனைந்த 1858ஆம் ஆண்டின் சென்னைக் கட்டாய உழைப்புச் சட்டமும் மக்கள் வழக்கில் குடிமராமத்துச் சட்டம் என்றே பெயர்பெற்றது. பழுது யாருடையது என்னும் வினாவுக்குக் 'குடியினுடையது' என்று விடை கூறிவிடும் சொல் இது. அதற்கு ஈடாகக் குடி பெறுவது யாது என்பதைச் சொல் கூறவில்லை. அதனைப் பிற சான்றுகளிலேயே தேட வேண்டியுள்ளது.

பழைய நெறிகள்

அர்த்தசாஸ்திரத்தின் மூன்றாம் அதிகரணம், ஒன்பதாம் அத்தியாயம் மனை, வயல், நீர்நிலை ஆகியவற்றைப் பற்றியது. அதில் வரிவிலக்கு பணியின் தன்மைக்கேற்ப அளவிடப்பட்டுள்ளது. ஏரியும் அணையும் புதிதாக அமைப்போர்க்கு 5 ஆண்டுகள் வரிவிலக்கு. சிதைந்து கைவிடப்பட்டவற்றைப் புதுப்பிப்போர்க்கு 4 ஆண்டுகள். புதர் மண்டியவற்றைத் திருத்துவோர்க்கு 3 ஆண்டுகள். கரம்பைத் திருத்துவோர்க்கு 2 ஆண்டுகள். பழுதின் அளவு கூடக்கூட விலக்கின் காலமும் கூடுகிறது. செலவுக்கும் கழிவுக்கும் உள்ள விகிதம் இங்கே உணரப்பட்டுள்ளமை தெளிவு.

அதே அத்தியாயம் மற்றொரு செய்தியையும் தருகிறது. நீர்நிலையை வாடகைக்கோ குத்தகைக்கோ அடமானமாகவோ பங்குக்கோ பெற்று நுகர்வோர் அதனைச் செப்பமாக வைத்திருத்தல் வேண்டும். தவறினால் இழப்பின் இருமடங்கு தண்டம். புதுப்பிப்போர்க்குச் சலுகையும், நுகர்ந்துகொண்டே பழுதுற விடுவோர்க்குத் தண்டமும் ஒரே இடத்தில் அடுத்தடுத்துக் கூறப்படுகின்றன. சலுகை கருணையன்று, பணிக்கான விலை என்பதை இவ்வமைப்பு உணர்த்துகிறது.

இவ்வேறுபாட்டைத் தமிழ்ச் சான்று ஒன்றோடு ஒப்பிட்டுக் காணலாம். புறநானூற்று 35ஆம் பாடலின் கொளு, வெள்ளைக்குடி நாகனார் சோழன் குளமுற்றத்துத் துஞ்சிய கிள்ளிவளவனைப் பாடி நிலத்தின் மேலிருந்த பழைய வரிக்கடனை நீக்கிக்கொண்ட செய்தியைக் கூறும். அங்கே கடன் நீங்கியது பாட்டின் வன்மையாலும் வேந்தனின் இசைவாலும். குடி ஒரு பணியைச் செய்து அதற்கு ஈடாகக் கழிவு கேட்கும் நிலை அதுவன்று. வரலாற்று நூல்கள் சில வரிநீக்கச் செய்திகளையெல்லாம் ஒரே வகையாகத் தொகுத்துவிடுவதால் இப்பாகுபாடு மறைந்துபோகிறது.

ஒப்பந்த வடிவிலான கழிவு ஆந்திர, கன்னடப் பகுதிகளில் தெளிவாகக் கிடைக்கிறது. ஏரியைக் கட்டியவருக்கும் உடைந்த கரையைச் செப்பனிட்டவருக்கும் அந்நீரால் விளையும் நிலத்தில் அல்லது வருவாயில் ஒரு பங்கு விடப்பட்டது. பத்தில் ஒன்று என்னும் பொருள் தரும் 'தசபந்தம்' என்பது தெலுங்குப் பகுதியில் இதற்கு வழங்கிய பெயர். கன்னடத்தில் 'கட்டுக்கொடகெ' எனப்பட்டது. கடப்பைப் பகுதியின் பொருமாமிள்ள ஏரிக் கல்வெட்டு (1369) நாள்தோறும் 1000 ஆட்களும் 100 வண்டிகளும் ஈராண்டு உழைத்ததைப் பதிவு செய்துள்ளது. இத்தகு பேருழைப்பைப் பேணிக்காக்கத் தொடர்ச்சியான பங்கு தேவைப்பட்டதில் வியப்பில்லை. கிருஷ்ணதேவராயரின் 'ஆமுக்தமால்யதா'வில் வரும் அரசியல் அறிவுரைப் பகுதியும், ஏரியும் காலும் அமைப்பதோடு ஏழை உழவர்க்கு வரியில் சலுகை தருவதையும் சேர்த்தே கூறுகிறது. ஆங்கிலேயர் ஆட்சியிலும் தசபந்தம் ஒருவகை இனாமாக ஏற்கப்பட்டது. பராமரிப்புப் பொறுப்பு அதனை நுகர்வோரையே சார்ந்திருந்தது.

மேற்காட்டியவை அனைத்தும் நிலமும் நீரும் பற்றியன. வீட்டைப் பொறுத்தவரை சான்றுகள் குறைவு. நாரத ஸ்மிருதி மட்டும் ஒரு நுட்பமான விதியைத் தருகிறது. பிறர் மனையில் வாடகை செலுத்தி வீடு கட்டி வாழ்ந்தவர் வெளியேறும்போது கூரைப்புல், மரம், செங்கல் முதலியவற்றை எடுத்துச் செல்லலாம். வாடகை தராமல் உரிமையாளரின் விருப்பத்துக்கு மாறாக வாழ்ந்தவர் அவற்றை எடுத்துச் செல்ல இயலாது. குடியிருப்பவர் இட்ட பொருள் எவருடையது என்னும் சிக்கலுக்கு வாடகை செலுத்தியமையே விடையாகிறது. பிற்காலத்தில் கல்கத்தாவின் 'டிக்கா' குடிகளும் (1949ஆம் ஆண்டுச் சட்டம்) சென்னையில் பிறர் மனையில் வீடு கட்டிக்கொண்ட குடிகளும் (சென்னை நகரக் குடியிருப்போர் பாதுகாப்புச் சட்டம், 1921) எழுப்பிய வினாவும் ஏறத்தாழ இதுவே.

1882ஆம் ஆண்டுச் சட்டம்

நவீன இந்தியாவில் இவ்வுடன்பாட்டுக்குச் சட்ட வடிவம் தந்தது 1882ஆம் ஆண்டின் சொத்துரிமை மாற்றச் சட்டமாகும். அதன் 108ஆம் பிரிவு குத்தகைக்கு விடுவோர், பெறுவோர் இருவரின் உரிமைகளையும் கடமைகளையும் வரிசைப்படுத்துகிறது. உரிமையாளர் தாம் செய்யக் கடமைப்பட்ட பழுதுபார்ப்பை, அறிவிப்புப் பெற்றபின் உரிய காலத்துக்குள் செய்யத் தவறினால், குடியிருப்பவர் தாமே அதனைச் செய்து, செலவை வட்டியோடு வாடகையில் கழித்துக்கொள்ளலாம் என்பது அதில் ஒரு கூறு. வட்டியும் சேர்த்துக் கழிக்கலாம் என்றமை குறிப்பிடத்தக்கது. குடியிருப்பவர் தம் பணத்தை உரிமையாளருக்குக் கடனாகக் கொடுத்தவராகவே சட்டத்தின் கண்ணில் தோன்றுகிறார்.

எனினும் இவ்விதியின் அடித்தளம் மெலிந்தது. 'தாம் செய்யக் கடமைப்பட்ட' என்னும் தொடரே முழுமையும் தாங்கி நிற்கிறது. உரிமையாளர் எப்பழுதையும் நீக்கியே தீரவேண்டும் என்று அச்சட்டம் எங்கும் பொதுவாகக் கூறவில்லை. ஒப்பந்தத்தில் அவர் ஏற்றிருந்தால்தான் கடமை உண்டு. மாறாக, இயல்பான தேய்மானம் நீங்கலாகச் சொத்தைப் பெற்ற நிலையிலேயே வைத்திருக்கும் கடமை குடியிருப்பவர்மேல் வெளிப்படையாகச் சுமத்தப்பட்டுள்ளது. எழுத்தில் ஒப்பந்தம் செய்துகொள்ளும் வணிகர்க்கு இது பயன்பட்டிருக்கும். மாத வாடகைக்கு ஓர் அறையில் ஒண்டியிருந்த ஆலைத் தொழிலாளிக்கு இதனால் விளைந்த பயன் மிகச் சிறிதே. தவிர, இச்சட்டம் தொடக்கத்தில் பம்பாய் மாகாணத்துக்குப் பொருந்தவில்லை. பின்னரே அங்கு விரிவாக்கப்பட்டது.

பம்பாய்

1850களில் பருத்தி ஆலைகள் தோன்றியபின் பம்பாயின் மக்கள்தொகை பெருகியது. 1872ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் 6,44,405ஆக இருந்தது, 1896இல் தொடங்கிய கொள்ளைநோயைக் கடந்தும் 1911இல் 9,79,445 ஆயிற்று. இம்மக்களுக்குத் தங்குமிடமாக எழுந்தவையே 'சால்' எனப்படும் நீண்ட வரிசைக் கட்டடங்கள். ஒரு தளத்தில் ஓர் அறை அல்லது ஈரறை வீடுகள் பல அடுத்தடுத்து இருக்கும். முன்னே பொதுத் தாழ்வாரம். கோடியில் பொதுக் கழிப்பிடம். அறையின் ஒரு மூலையில் 'மோரி' எனப்படும் கழுவுமிடம். இவற்றுள் பல மரச்சட்டகத்தால் தாங்கப்பட்டவை. மோரியிலும் கழிப்பிடத்திலும் கசியும் நீர் சுவரில் பதிந்த உத்தரத்தின் முனையை அரிக்கும். கடற்காற்றும் நான்கு மாதப் பருவமழையும் எஞ்சியதைச் செய்யும். உத்தரத்தின் நடுப்பகுதி உறுதியாகத் தோன்றும்போதே சுவருக்குள் மறைந்துள்ள முனை உளுத்துப்போயிருக்கும். ஆதலால் இவ்வகைக் கட்டடங்கள் முன்னறிவிப்பின்றி விழுந்தன. மராத்தியில் பு. ல. தேஷ்பாண்டே 'படாட்யாசீ சாள்' நூலில் நகைச்சுவையோடு சித்திரித்த வாழ்க்கையின் பௌதிக அடித்தளம் இத்தகையது.

ஒவ்வொரு குடியும் தன் அறையின் பழுதை நீக்கி வாடகையில் கழிப்பதென்பது இங்கே ஓரளவுக்கே இயலும். ஓட்டை மாற்றலாம், சுண்ணாம்பு பூசலாம். ஆனால் இரண்டாம் தளத்து மோரியின் கசிவு முதல் தளத்தின் உத்தரத்தை அரிக்கிறது. கழிப்பிடம் எல்லார்க்கும் பொது. யாருடைய வாடகையில் எதனைக் கழிப்பது? கூட்டாகப் பேசினாலன்றி இது நடைபெறாது. உரிமையாளரோ தனித்தனியாகப் பேசுவதையே விரும்புவார்.

வாடகைக் கட்டுப்பாடு இப்பேரத்தின் இயல்பையே மாற்றிவிட்டது. முதல் உலகப் போரின்போது 1918இல் இயற்றப்பட்ட சட்டம் 1916 சனவரி 1ஆம் நாள் நிலவிய வாடகையை அளவுகோலாகக் கொண்டது. இரண்டாம் உலகப் போரை ஒட்டி மீண்டும் கட்டுப்பாடுகள் வந்தன. அவற்றின் தொடர்ச்சியாக உருவான 1947ஆம் ஆண்டின் பம்பாய் வாடகைச் சட்டம் 1940 செப்டம்பர் 1ஆம் நாளின் வாடகையை 'நிலை வாடகை'யாக்கிற்று. தற்காலிகம் என்று பிறந்த இச்சட்டம் பலமுறை நீட்டிக்கப்பட்டு நூற்றாண்டின் இறுதிவரை நின்றது.

1882ஆம் ஆண்டுச் சட்டத்தில் இல்லாத ஒன்றை இது தந்தது. குடியிருப்பவர் மாறாக ஒப்புக்கொண்டிருந்தாலன்றி, இடத்தைக் குடியிருக்கத் தக்க செப்பத்தில் வைத்திருப்பது உரிமையாளரின் கடமை என்று 23ஆம் பிரிவு விதித்தது. அறிவிப்புத் தந்தும் அவர் செய்யாவிடில் குடியிருப்போர் தாமே செய்து வாடகையில் கழிக்கலாம். தாளில் காணும்போது குடியிருப்போரின் முழு வெற்றி இது. கடமை உறுதியாயிற்று, கழிக்கும் உரிமையும் உறுதியாயிற்று. உறைந்துபோன வாடகையில் கழிப்பதற்கு என்ன இருக்கிறது என்னும் வினாவே எஞ்சியது.

கணக்கிட்டுப் பார்த்தால் இது விளங்கும். 1947ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பின்வந்த 1999ஆம் ஆண்டு மகாராஷ்டிர வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் ஓராண்டில் கழிக்கும் தொகை அவ்வாண்டு வாடகையில் நான்கில் ஒன்றை மிஞ்சக்கூடாது என்கிறது. ஓர் அறையின் மாத வாடகை 20 ரூபாய் என்று கொள்வோம். ஆண்டுக்கு 240; கழிக்கத்தக்கது 60. தில்லியின் 1958ஆம் ஆண்டுச் சட்டப்படி இயல்பான பழுதுகளுக்குப் பன்னிரண்டில் ஒன்று, அதாவது ஒரு மாத வாடகையாகிய 20 ரூபாய். வாழவே இயலாத நிலையில் கட்டுப்பாட்டு அலுவலரின் அனுமதியோடு பாதிவரை, அதாவது 120 ரூபாய். ஓர் உத்தரத்தை மாற்றும் செலவுக்குமுன் இத்தொகைகளுக்குப் பொருளில்லை. தமிழ்நாட்டின் 1960ஆம் ஆண்டுச் சட்டமும் அலுவலரின் ஆணை பெற்றே கழிக்கும் வழியைத் தந்தது. அச்சட்டம் 2019 பிப்ரவரி 22 முதல் நீங்கி 2017ஆம் ஆண்டின் புதிய சட்டம் நடைமுறைக்கு வந்தது.

கழிக்கத் துணிந்தவர்க்கும் இடர் இருந்தது. முறையான அறிவிப்பும் செலவுச் சீட்டும் இன்றிக் கழித்தால் அது வாடகை நிலுவையாகக் கருதப்படலாம். நிலுவை வெளியேற்ற வழக்குக்கு வாயில். பழுதுபார்க்கும்போது எழுப்பிய சுவரோ மேடையோ உரிமையாளரின் எழுத்து இசைவின்றிக் கட்டிய 'நிலையான கட்டுமானம்' எனப்பட்டால் அதுவும் வெளியேற்றக் காரணம். தடுப்பு, கதவு, சமையல் மேடை முதலியன நிலையான கட்டுமானம் ஆகமாட்டா என்று சட்டத்தில் விளக்கம் சேர்க்க நேர்ந்ததே இத்தகு வழக்குகளின் பெருக்கத்துக்குச் சான்றாகும். ஒரு சமையல் மேடைக்காக வீடிழக்கும் அச்சம் இருந்த சூழலில், பலர் கழிவே கேளாமல் தம் பணத்தில் செப்பனிட்டு வாளாவிருந்தனர் என்று கொள்வதே பொருந்தும்.

உரிமையாளரின் பக்கத்தையும் நோக்குதல் வேண்டும். பம்பாய்ச் சால் உரிமையாளர் அனைவரும் பெருஞ்செல்வர் அல்லர். 1940இன் வாடகையைக் கொண்டு 1970இன் மரமும் கூலியும் வாங்க இயலாது. இதனை ஈடுசெய்யும் மறைமுக வழியாகப் 'பகடி' பெருகிற்று. (தமிழில் பகடி என்பது கேலி, மராத்தியில் தலைப்பாகை. இவ்வழக்கத்துக்கு இரு பொருளும் ஒருவாறு பொருந்துகின்றன.) குடிபுகுவோர் பெருந்தொகை ஒன்றை முன்னரே கொடுத்து, பின்னர் மிகக் குறைந்த வாடகையில் தொடர்வர், குடியுரிமை கைமாறும்போது உரிமையாளருக்கும் ஒரு பங்கு உண்டு. 1947ஆம் ஆண்டுச் சட்டம் இதனைக் குற்றமாக்கியது. 1999ஆம் ஆண்டுச் சட்டம் ஏற்றுக்கொண்டது. பழுது நோக்கில் காணும்போது பகடியின் தீமை வேறிடத்தில் உள்ளது. பணம் உரிமையாளர் கைக்கு வந்தது; ஆனால் அப்பணத்துக்கும் கூரைக்கும் எத்தொடர்பும் இல்லை. மாத வாடகையில் இருந்த பேரத்தின் பிடி தளர்ந்துவிட்டது.

கழிவிலிருந்து மேல்வரிக்கு

1960களில் கட்டடங்கள் தொடர்ந்து இடிந்து விழுந்தன. பேடேகர் குழு 1968இல் இச்சிக்கலை ஆராய்ந்தது. அதனை அடுத்து 1969இல் பம்பாய்க் கட்டடப் பழுதுபார்ப்பு, மறுகட்டுமான வாரியச் சட்டம் பிறந்தது. தீவு நகரத்தின் 19,642 கட்டடங்கள் மேல்வரிக்கு உட்பட்டன. இவற்றுள் 1940 செப்டம்பருக்கு முற்பட்டவை 16,502. 1940க்கும் 1950க்கும் இடைப்பட்டவை 1,489. 1951 முதல் 1969 வரை எழுந்தவை 1,651. இம்மேல்வரியின் சுமையை உரிமையாளரும் குடியிருப்போரும் பகிர்ந்தனர். வாரியம் கட்டடத்தின் முதன்மைப் பழுதுகளை நீக்கியது. 1976ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழியே இப்பணி மகாராஷ்டிர வீட்டுவசதி, பகுதி மேம்பாட்டு ஆணையத்தைச் சேர்ந்தது.

அர்த்தசாஸ்திரத்திலும் தசபந்தத்திலும் 1882இலும் பழுதை ஏற்பவர் குறைவாகச் செலுத்தினார். 1969க்குப் பின் பம்பாயின் குடியிருப்பவர் பழுது நீங்கவேண்டிக் கூடுதலாகச் செலுத்தினார். பழுதுபார்க்கப்பட்ட கட்டடத்துக்கு மேல்வரி மேலும் உயர்ந்தது. உரிமையாளருக்கும் குடிக்கும் இடையே இருந்த இருமுனைப் பேச்சு மறைந்து, இருவரும் ஒரு வாரியத்திடம் விண்ணப்பம் செய்து வரிசையில் காத்திருக்கும் நிலை உருவானது. சதுர மீட்டருக்கு இவ்வளவு என்னும் செலவு வரம்பைக் கடந்த கட்டடம் பழுதுபார்ப்புக்கு உரியதன்று, இடிப்புக்கு உரியது. இடிப்பென்றால் இடைத்தங்கல் முகாம். அம்முகாமிலிருந்து திரும்புவது எப்போது என்பது தெரியாத நிலையில், சரியும் கட்டடத்திலேயே தங்கிவிட்டோரை அறியாமையுடையோர் என்று பழிப்பது எளிது. தாம் நீங்கினால் உரிமையும் நீங்கிவிடும் என்னும் அச்சம் அவர்களுக்கு இருந்தது. அது பொருளற்ற அச்சமன்று. 2017 ஆகஸ்டு 31 அன்று பேண்டி பஜார்ப் பகுதியில் நூறாண்டு கடந்த உசைனி கட்டடம் விழுந்தபோது 33 பேர் உயிரிழந்தனர். அப்பகுதி முழுவதும் மறுகட்டுமானத் திட்டத்துள் அடங்கியிருந்தது.

நீதிமன்றமும் இம்முரண்பாட்டை உணர்ந்தது. 1997 டிசம்பரில் மல்பே விசுவநாத ஆச்சார்யா வழக்கில், நிலை வாடகை பற்றிய விதிகள் காலப்போக்கில் நியாயமற்றவையாகிவிட்டன என்று உச்ச நீதிமன்றம் கண்டது. ஆயினும் அச்சட்டத்தின் காலம் 1998 மார்ச்சு 31இல் முடியவிருந்ததால் அதனை நீக்கவில்லை. சட்டம் மீண்டும் நீட்டிக்கப்பட்டு, 2000 மார்ச்சு 31 முதல் புதிய சட்டம் நடைமுறைக்கு வந்தது. அது ஆண்டுதோறும் 4 விழுக்காடு வாடகை உயர்வுக்கு இடமளித்தது. அடித்தளமாகிய பழைய வாடகை மிகச் சிறிதாதலால் இவ்வுயர்வும் சிறிதே.

இதற்கிடையே 1986இல் வேறொரு வழி திறக்கப்பட்டது. மேல்வரிக் கட்டடம் ஒன்றின் குடியிருப்போரில் 70 விழுக்காட்டினர் கூட்டுறவாக முன்வந்தால், மாத வாடகையின் 100 மடங்கைத் தந்து அக்கட்டடத்தைக் கையகப்படுத்தச் செய்யலாம். மேற்கண்ட எடுத்துக்காட்டின்படி 20 ரூபாய் அறைக்கு 2,000 ரூபாய். உரிமையாளர் சங்கம் இதனை எதிர்த்தது. அவ்வழக்கிலிருந்து எழுந்த அரசமைப்பு வினாவுக்கு ஒன்பது நீதிபதிகள் கொண்ட அமர்வு 2024 நவம்பர் 5 அன்று விடையளித்தது. தனியார் சொத்து அனைத்தும் 'சமுதாயத்தின் பொருள்வளம்' ஆகிவிடாது என்பது பெரும்பான்மைத் தீர்ப்பு.

நடுவணரசு 2021 சூனில் ஏற்ற மாதிரிக் குடியிருப்புச் சட்டம் பழைய இருமுனைப் பேச்சுக்கே மீள்கிறது. கட்டடத்தின் அடிப்படைப் பழுது, வெள்ளையடித்தல், குழாய் மாற்றுதல், மின்கம்பி அமைப்பு ஆகியன உரிமையாளருக்கு. குழாய்த்திருகு, சாக்கடைத் தூய்மை, பூட்டு, சன்னல் கண்ணாடி முதலியன குடியிருப்பவருக்கு என்று அதன் இரண்டாம் அட்டவணை பகுக்கிறது. உரிமையாளர் தவறினால் குடியிருப்பவர் தாமே செய்து மாதந்தோறும் வாடகையில் 50 விழுக்காடுவரை கழிக்கலாம். சந்தை வாடகை நிலவும் வீட்டில் இது பயனுள்ள கருவி. ஆனால் இம்மாதிரிச் சட்டம் இனி ஏற்படும் குடியிருப்புகளுக்கே உரியது. மோரியின் கசிவு உத்தரத்தை அரித்துக்கொண்டிருக்கும் பழைய பகடிக் குடியிருப்புகள் அதன் வரம்புக்குள் வரவில்லை.